வெள்ளிக்கிழமைப் பொய்

கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் பதினான்கு மாதங்கள் கதை எழுதினேன். செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணியிலிருந்து ஏழே கால் வரை. வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தபோது எல்லோருக்கும் என்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைப் பற்றி உறவில் நிறையப் பேர் பேசித் தீர்த்துவிட்டார்கள். எனக்கும் ஒரு கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீடு நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரில் இருக்கிறது. நான், கணவர், அவருடைய அம்மா, பிளஸ் ஒன் படிக்கும் மகள் என்று நான்கு பேர். கணவர் லாரி உதிரிபாகக் கடை ஒன்றில் மேலாளர். நான் ஒரு கோழித்தீவன ஆலையின் லேபில் வேலை பார்க்கிறேன். மக்காச்சோளம் ஏற்றி வரும் லாரிகள் ஆலை வாசலில் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு லோடிலிருந்தும் மாதிரி எடுத்து ஈரம் எவ்வளவு, பூஞ்சை இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் மூட்டையை இறக்குவார்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஐந்து மணிக்குத்தான் வெளியே வருவேன். அதற்கு முன்னும் பின்னும் வீடு.

கல்லூரியில் படிக்கும்போதே கதை எழுதுவேன். கல்யாணத்துக்குப் பிறகு பதினெட்டு வருஷத்தில் முடித்த கதைகள் இரண்டு. எழுத வரவில்லை என்பதல்ல. டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு கதை முழுசாக மனசில் ஓடும். இறங்கி வீட்டுக்குள் நுழைந்து, குக்கரை வைத்து, துணியை மடித்து, மறுநாளைக்கு மாவு ஆட்டி முடித்துவிட்டு உட்கார்ந்தால் அதில் ஒரு வரிகூட மிஞ்சியிருக்காது.

முதலில் அதிகாலையைப் பிடிக்கப் பார்த்தேன். நாலரைக்கு எழுந்து சமையலறை மேடையில் நோட்டை வைத்து நின்றபடியே எழுதினேன். மூன்றாம் நாள் மாமியார் வந்து எட்டிப் பார்த்தார்.

"எந்திரிச்சிட்டயா சாமி? அப்படியே ஒரு காப்பி வெச்சுக் குடுத்துரு."

கொடுத்தேன். மறுநாள் காப்பியோடு வெந்நீரும் சேர்ந்தது. அதற்கடுத்த வாரம் கணவர், "அம்மா எந்திரிச்சிருக்காளாமா? ஒரு மணி நேரம் முன்னாடியே டிபன் ஆயிருச்சுன்னா எனக்கும் சௌகரியம்" என்று மகளிடம் சொல்வது காதில் விழுந்தது. நான் தூக்கத்தைக் கொடுத்து வாங்கிய ஒரு மணி நேரத்தை மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதைத் திருப்பி வாங்க முடியவில்லை. எழுதுவதை விட்ட பிறகும் நாலரைக்கு எழுந்திருப்பது மட்டும் நிலைத்துவிட்டது.

லேபில் சில நாள் லாரி வராத இடைவெளி கிடைக்கும். மாதிரிச் சீட்டுகளின் பின்பக்கம் எழுதினேன். அங்கேயும் கண்ணாடி ஜன்னலைத் தட்டிக்கொண்டு ஒரு டிரைவர் நிற்பார். "மேடம், இன்னும் எவ்வளவு நேரமாகும்?" அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டு நாளாக வண்டி ஓட்டி வந்தவர் அவர். குளிக்கவில்லை, தூங்கவில்லை. அவருடைய நேரத்தையும் யாரோ தின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

கடைசியில் கணவரிடம் நேராகவே கேட்டேன். "ஏனுங்க, ஞாயித்துக்கிழமை பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் நான் உள் ரூம்ல கதவைச் சாத்தீட்டு எழுதட்டுங்களா?"

"தாராளமா எழுது. இதுக்கெல்லாமா கேக்கோணும்?" என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார்.

அந்த ஞாயிறு காலை ஏழு தடவை கதவைத் தட்டினார்கள். நகவெட்டி எங்கே என்று ஒரு தடவை. காஸ் சிலிண்டர்க்காரர் வந்திருக்கிறார் என்று ஒரு தடவை. மகளுடைய யூனிபார்ம் பட்டன். மாமியாரின் கண் சொட்டு மருந்து. கறி வந்துவிட்டது, எடுத்து வைக்க வேண்டும். ஆறாவது தடவை, கணவரின் அண்ணன் குடும்பத்தோடு வந்திருப்பதாகச் சொன்னார்கள். வெளியே போய், வாங்க என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஏழாவது தடவை கணவரே கதவைத் திறந்தார்.

"அவிய வந்திருக்கறப்ப நீ உள்ள உக்காந்திருந்தா என்ன நெனைப்பாங்க? சும்மாதான உக்காந்திருக்கற, வந்து பேசீட்டிரு."

சும்மா. அந்தச் சொல்லை இந்த ஜென்மத்தில் நான் மறக்க மாட்டேன். என் மடியில் நோட்டு இருந்தது, கையில் பேனா இருந்தது, பாதி வாக்கியம் காகிதத்தில் இருந்தது. அவர் கண்ணுக்கு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அவரைக் கொடுமைக்காரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குரலை உயர்த்தாதவர். ஆனால் தினமும் காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை ஷட்டில் ஆடப் போவார். பதினொரு வருஷமாகப் போகிறார். உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நகவெட்டி காணாமல் போனது கிடையாது. மாமியாருக்கு நெஞ்சை அடைத்தபோதுகூட, "அவன் ஆடீட்டு வரட்டும், நீ ஆட்டோவுக்குச் சொல்லு" என்று அவரே என்னிடம் சொன்னார். நல்லவேளையாக வாய்வுப் பிடிப்புதான். மகள் படிக்க உட்கார்ந்தால் வீடே மூச்சை அடக்கும். டிவி கிடையாது, மிக்ஸி கிடையாது, நான்தான் பாலை ஆற்றிக்கொண்டு போய் மேசையில் வைத்துவிட்டு ஓசையில்லாமல் திரும்புவேன். அவர் ஆட்டத்துக்கு ஒரு காரணம், இவள் படிப்புக்கு ஒரு காரணம். என் எழுத்துக்குத்தான் என்ன சொல்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை நிஜமாகவே கோயிலுக்குப் போனேன். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில். அன்று ஆலையில் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். வீட்டுக்குள் அடைந்திருக்கப் பிடிக்கவில்லை. கும்பிட்டுவிட்டு, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அன்னதானக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். மத்தியானம் மட்டும் சாப்பாடு போடும் இடம். மாலையில் ஆள் நடமாட்டம் இருக்காது. நீளமான ஸ்டீல் மேசைகள், ஒரு டியூப்லைட், ஒரு மின்விசிறி. செல்போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். முக்கால் மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அந்த அமைதி எனக்குப் பழக்கமில்லாததால் முதலில் பயமாகக்கூட இருந்தது.

நேரமாகிவிட்டதே என்று அவசரமாக வீட்டுக்கு ஓடினேன். மாமியார் ரவை உப்புமா கிண்டி மூடி வைத்திருந்தார்.

"எதுக்கு இப்படி ஓடியாற? மெதுவா நின்னு கும்பிட்டுட்டு வாரதுதான சாமி?"

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் என்னை மெதுவாக வரச் சொன்னதில்லை. உப்புமாவைச் சாப்பிட்டுக்கொண்டே நான் முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஒரு வேண்டுதல் இருக்கிறது, செவ்வாயும் வெள்ளியும் கோயிலுக்குப் போய் உட்கார்ந்து ஜபம் செய்ய வேண்டும் என்று சொன்னேன். என்ன வேண்டுதல் என்று கணவர் கேட்கவில்லை. மாமியார் கேட்டார். "வெளிய சொன்னா பலிக்காதுங்க அத்தை" என்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

துணிப்பைக்குள் அடியில் நோட்டு, அதன்மேல் தேங்காய், பூ, கற்பூரம். சன்னதியில் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் கூடத்துக்குப் போவேன். முதல் மாதத்தில் ஒரு கதை முடிந்தது. எடைமேடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பற்றிய கதை. பதினெட்டு வருஷத்தில் இரண்டு எழுதியவள், ஒரே மாதத்தில் ஒன்றை முடித்திருந்தேன். எனக்குத் திறமை போய்விட்டது என்று அதுவரை நானே நம்பியிருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், அவ்வளவுதான். அது புரிந்த அன்று சந்தோஷம் வரவில்லை. அந்த ஸ்டீல் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஆத்திரத்தில் அழுதேன்.

வீட்டில் என் மரியாதை ஏறிக்கொண்டே போனது. மாமியார் அந்த இரண்டு நாளும் ராத்திரிச் சமையலைத் தானே எடுத்துக்கொண்டார். மழை பெய்தால் கணவர் பைக்கில் கொண்டுவந்து விட்டார். உறவினர்களிடம், "எம் மருமக மாதிரி பக்தி யாருக்கு வரும்?" என்று மாமியார் சொல்வார். நான் ஆறு வயசுக் குழந்தையையும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனபோது அந்த வீட்டில் யாருக்கும் என்மேல் பெருமை வந்ததில்லை. ஆலையில் புது மெஷின் வந்தபோது, கோயம்புத்தூர் போய்ப் பயிற்சி எடுத்து முதலாவதாகத் தேறி வந்தேன். அப்போதும் வரவில்லை. செய்யாத ஜபத்துக்கு வந்தது. அவர்கள் பாராட்டப் பாராட்ட எனக்கு எரிச்சல் கூடியது.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுத்தல் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பொண்ணுக்கு கிட்னிக் கல்லு ஆபரேசன். உன் ஜபத்துல எம் புள்ளையும் சேத்து வேண்டிக்க கண்ணு" என்றார். அன்று நோட்டைத் திறக்கவில்லை. ஒன்றே கால் மணி நேரமும் அந்தப் பெண்ணுக்காக மட்டும் சன்னதியில் உட்கார்ந்திருந்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா எனக்கு ஒரு டப்பா அதிரசம் கொண்டுவந்து கொடுத்தார். அதை மட்டும் என்னால் நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது.

பதினான்காவது மாதம் மாட்டிக்கொண்டேன். ஆடி வெள்ளி. விளக்குப் பூஜைக்கு வருவதாக மாமியார் முன்கூட்டிச் சொல்லவில்லை. எனக்குத் துணையாக உட்கார்ந்து தானும் ஜபம் செய்யலாம் என்று கிளம்பி வந்திருக்கிறார். சன்னதியில் நான் இல்லை. பிரகாரத்தில் இல்லை. வாசலில் பூ விற்கும் பெண்ணிடம் விசாரித்திருக்கிறார்.

"அந்தக்காளா? அவிய வாரா வாரம் சோத்துக் கூடத்துலதான உக்காந்து எழுதீட்டிருப்பாங்க" என்று அவள் கையைக் காட்டியிருக்கிறாள்.

கூடத்தின் வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். மாமியார் கையில் விளக்குத் தட்டோடு நின்றார். நான் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தேன். குனிந்து அந்த வாக்கியத்தை முடித்தேன். முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். அதைப் பற்றித்தான் அவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பொய் சொன்னதைவிட, பார்த்த பிறகும் எழுதினாளே என்பதுதான் அவரால் தாங்க முடியாதது.

அவர் தட்டோடு திரும்பினார். வீடு வரை அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். கணவர் கடையிலிருந்து வந்ததும் மாமியார் வீட்டுக் கூடத்தில் வைத்துச் சொன்னார்.

"உம் பொண்டாட்டி சாமி பேரச் சொல்லி நம்மள ஏமாத்திப் போட்டா. அங்க உக்காந்து என்னமோ எழுதீட்டிருக்கறா. நானு இவளுக்கு ஒலை வெச்சுச் சோறாக்கிப் போட்டிருக்கறேன்."

கணவர் என்னைப் பார்த்தார். "நெசமா?"

"நெசந்தானுங்க."

"எழுதறதுக்கு எதுக்கு கோயில் பேரு? எங்கிட்டக் கேட்டிருக்கலாமல்ல?"

"கேட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை குடுத்தீங்க. ஏழு தடவை கதவைத் தட்டுனீங்க."

அவருக்கு அது நினைவே இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்குள் பதினான்கு மாதமாக எரிந்துகொண்டிருந்த ஒரு காலை, அவருக்கு எல்லா ஞாயிறுகளையும் போல ஒரு ஞாயிறு.

"அப்படியென்ன எழுதறே? எழுதி என்ன ஆகப் போகுது?"

"நீங்க ஷட்டில் ஆடி என்ன ஆகப் போகுதுங்க?"

"அது உடம்புக்கு."

"இதும் எனக்கு அப்படித்தான்."

"எதோட எதைச் சேத்துப் பேசற?" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

இதையெல்லாம் நான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்க்காதது மகள். அவள் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, எனக்கு ரிவிஷன் டெஸ்ட் இருந்தப்பகூட நீ அங்க போய்க் கதை எழுதீட்டிருந்தயா?" என்றாள்.

கோயிலில் இருந்திருந்தால் அவளுக்கு அது வலித்திருக்காது. எனக்காக அம்மா வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்திருக்கிறாள். அந்த நினைப்பை நான் பிடுங்கிவிட்டேன் என்பது புரிந்தது. அதற்காக வருத்தப்பட்டேன். ஆனால் அதே நொடியில், இவளும் இப்படிக் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டாளே என்று பற்றிக்கொண்டும் வந்தது. நாளைக்கு இவளை யாராவது இப்படிக் கேட்டால் இவளிடம் என்ன பதில் இருக்கும்?

"ஆமா. எழுதீட்டுத்தான் இருந்தேன். நீ நல்லாத்தான் எழுதியிருந்தே டெஸ்டு" என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். யாரும் தட்டவில்லை.

அன்றே மூன்று பேர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டேன். செவ்வாயும் வெள்ளியும் போவேன். எழுதப் போகிறேன் என்று சொல்லிவிட்டே போவேன். இனித் தேங்காய் எடுத்துப் போக மாட்டேன்.

அடுத்த செவ்வாய், பூசாரி என்ன சொல்வாரோ என்ற தயக்கத்தோடு போனேன். மாமியார் அவரிடம் முறையிட்டிருந்தார். பூசாரி விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு மொத வாரத்துல இருந்தே தெரியும் அம்மிணி. எழுதறதுன்னா எழுது. போறப்ப ஃபேனை அணைச்சுட்டுப் போயிரு, ரெண்டு தடவை ஓடீட்டே கெடந்துது" என்றார். அவ்வளவுதான். பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தவர்களிடம் வாங்க முடியாததை அந்த மனிதர் தலையைத் திருப்பாமல் கொடுத்துவிட்டார்.

அன்று ஏழரைக்கு வீட்டுக்கு வந்தால் அடுப்பு பற்ற வைக்கப்படவில்லை. மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். மாவு ஃபிரிட்ஜில் இருந்தது. தேங்காய்ச் சட்னி காலையிலேயே அரைத்து வைத்திருந்தேன். தோசை ஊற்ற ஒரு கை வேண்டும். ஆறு கைகள் அங்கே இருந்தன.

நானும் அவர்களோடு போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கும் பசித்தது, காலையில் பத்து லோடு பார்த்தவள். வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷம் இருக்கும். மகள்தான் முதலில் எழுந்தாள். அவள் எழுந்ததைப் பார்த்து, "நீ போய்ப் படி" என்று சொல்லிவிட்டுக் கணவர் சமையலறைக்குப் போனார். கல் காயும் முன்பே மாவை ஊற்றியதால் முதல் தோசை பிய்ந்து வந்தது. இரண்டாவதும் அப்படியே. அவற்றை அவரே சாப்பிட்டார். நான்காவது தோசையை என் தட்டில் போட்டார். நான் நன்றி சொல்லவில்லை. நன்றி சொல்லியிருக்க வேண்டும் என்று என் தோழி ஒருத்தி சொன்னாள். பத்தொன்பது வருஷமாக நான் ஊற்றிய தோசைக்கு எத்தனை நன்றி வந்தது என்று அவளிடம் கேட்டேன்.

இப்போது ஒரு வருஷமாகிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் தோசைதான், கணவர் ஊற்றுகிறார், நன்றாகவே வருகிறது. மகள் என்னோடு பேசுகிறாள், ஆனால் என் கதைகளைப் படிப்பதில்லை. சென்னையிலிருந்து வரும் ஒரு சிறுபத்திரிகையில் நான்கு கதைகள் வந்துவிட்டன. பத்திரிகையை ஹாலில் மேசைமேல் வைத்தேன். ஒரு வாரம் கழித்து அதன்மேல் கொத்தமல்லிக் கட்டு இருந்தது.

மாமியார் என்னோடு நேராகப் பேசுவதில்லை. "அவகிட்டச் சொல்லு" என்று மகள் வழியாகச் சொல்வார். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஈரோட்டிலிருந்து அவருடைய தங்கை போன் செய்தார். என்னைக் கேட்டிருப்பார் போல. மாமியார் என் முதுகைப் பார்த்துக்கொண்டே, "அவ கோயலுக்குக் கெளம்பீட்டா. அதான், செவ்வாக்கெழமையல்ல" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நான் சொன்னபோது அது பாவம். குடும்ப மானத்துக்காக அவர் சொன்னால் பாவமில்லை. செருப்போடு உள்ளே போய்ப் போனைக் கேட்டு வாங்கினேன். மாமியார் தடுக்கவில்லை.

"சித்தி, நல்லாருக்கீங்களா? நான் கோயலுக்குப் போகலீங்க. கதை எழுதப் போறேன். வாரத்துல ரெண்டு நாள் போறேனுங்க."

அந்தப் பக்கம் சித்தி கலகலவென்று சிரித்தார்.

"அட, நீ எழுதுவியா? எனக்குத் தெரியாமப் போச்சே. நம்ம பையன் கல்யாணத்துக்கு மணமக்களை வாழ்த்தி ஒரு பாட்டு எழுதோணும், பொண்ணு பேரு மாப்பிள்ளை பேரெல்லாம் வர்ற மாதிரி. பெருசா அச்சடிச்சு எல்லாருக்கும் குடுக்கலாம்னு இருக்கறோம். நீதான் இன்னைக்கு உக்காந்து எழுதப் போறயே, அப்படியே அதையும் சேத்து எழுதிக் குடுத்துரு சாமி."

அவர் அன்பாகத்தான் கேட்டார். மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது.

"எனக்கு நேரமில்லீங்க சித்தி" என்று சொல்லிவிட்டுப் போனை மாமியார் கையில் கொடுத்தேன். படியிறங்கி நடந்தேன்.